அந்த அம்மாவிடம் எதுவும் சொல்லாதீர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தை ஏழெட்டு வருஷமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. ஊரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பத்து வருஷம் கணக்கு எடுத்தேன். பரிமாற்ற ஆசிரியர் விசாவில் வந்து, இப்போது வட கரோலினாவில் ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு எடுக்கிறேன். இது இரண்டாவது வருஷம். பள்ளியில் நாங்கள் இந்திய ஆசிரியைகள் நாலு பேர். ஒரே அபார்ட்மென்ட், ஒரே சமையல்.

என் வகுப்பில் பாதிக்கு மேல் கறுப்பினப் பிள்ளைகள். அதில் ஒரு பையன், பன்னிரண்டு வயது, கணக்கில் கெட்டி. போன மாதம் பெற்றோர் சந்திப்புக்கு அவன் அம்மா ராத்திரி வேலை முடித்து, சீருடை மாற்றாமல் நேராக வந்தார். மதிப்பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இவனிடம் நான் சொல்லி வைத்திருக்கிறேன். மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நன்றாகச் செய்தால்தான் உனக்குப் பாதி மதிப்புக் கிடைக்கும். உன்னைப் பார்த்ததும் தப்பாகத்தான் நினைப்பார்கள், தெரிந்து வைத்துக்கொள் என்று." அப்புறம் சம்பந்தமே இல்லாமல் அவன் உயரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஒரே வருஷத்தில் நாலு அங்குலம் வளர்ந்துவிட்டானாம், அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். "நல்லதுதானே, கூடைப்பந்து ஆடலாமே" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு மனசே கேட்கவில்லை. பி.எட். படிக்கும்போது பொம்மைச் சோதனை பற்றிப் படித்திருக்கிறேன். கறுப்பினக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்ல பொம்மை என்றார்களாம். ஏற்கெனவே தாழ்வு மனப்பான்மை உள்ள பிள்ளைகள். பெற்ற தாயே இப்படிக் காதில் ஊதினால் அவன் என்ன ஆவான்? நிறத்தைப் பற்றிப் பேசாமலே வளர்த்தால் என்ன? மதியச் சாப்பாட்டிலும் பாருங்கள், இவர்கள் எல்லாம் தனியாக ஒரே மேஜையில்தான் உட்காருகிறார்கள். அடுத்த சந்திப்பில் அந்த அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லலாமா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். பையனை அடையாளம் காட்டிவிடக்கூடிய இரண்டு வரிகளையும் சேர்த்து எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கேட்டதற்கு முதலில் பதில்: சொல்லாதீர்கள். ஏன் என்று விளக்கக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். நீங்கள் பி.எட்.டில் படித்த அந்தப் பொம்மைகளிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

சோதனையை நடத்தியவர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மேமி முதுகலைக்குச் செய்த ஆய்வில் முளைத்த யோசனை அது. (பாடப்புத்தகங்கள் கணவர் பெயரைத்தான் முன்னால் போடும். அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதலாம்.) 1940களின் தொடக்கத்தில் நாலு பொம்மைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நாலும் ஒரே அச்சு, இடுப்பில் துணி மட்டும். இரண்டு பழுப்பு உடம்பும் கறுப்பு முடியும், இரண்டு வெள்ளை உடம்பும் மஞ்சள் முடியும். மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரையான 253 கறுப்பினக் குழந்தைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேட்டார்கள். விளையாட உனக்குப் பிடித்த பொம்மையைக் கொடு. நல்ல பொம்மையைக் கொடு. மோசமாகத் தெரிகிற பொம்மையைக் கொடு. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் விளையாட வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். மோசமான பொம்மை என்று 59 சதம் பேர் எடுத்தது பழுப்பை. கடைசியாக, உன்னைப்போல இருக்கிற பொம்மையைக் கொடு என்றபோது சில பிள்ளைகள் அழுதுகொண்டு அறையை விட்டே ஓடினார்கள்.

1954 மே மாதம், பள்ளிகளில் நிறவாரிப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பதினோராம் அடிக்குறிப்பில் முதலில் நிற்பது கென்னத் கிளார்க்கின் பெயர். அதோடு பொம்மைச் சோதனை உலகப் புகழ் பெற்றுவிட்டது. உங்கள் பாடப்புத்தகத்துக்கும் வந்து சேர்ந்தது.

இதுவரை நீங்கள் படித்தது. புத்தகத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது ஒன்று உண்டு. 253 பேரில் 134 பேர் தெற்கில் ஆர்கன்சா மாநிலப் பிள்ளைகள், கறுப்பர்களுக்கு மட்டுமான பள்ளிகளில் படித்தவர்கள். மற்ற 119 பேர் வடக்கே மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில் வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தவர்கள். வெள்ளைப் பொம்மையை அதிகம் விரும்பியது வடக்குப் பிள்ளைகள்தான். பழுப்புப் பொம்மை மோசம் என்றவர்கள் தெற்கில் ஏறக்குறைய பாதி, வடக்கில் சுமார் 70 சதம். அழுதுகொண்டு ஓடியதும் வடக்குப் பிள்ளைகள். ஆர்கன்சாவிலோ ஒரு பையன் சிரித்துக்கொண்டே பழுப்புப் பொம்மையைத் தொட்டு, கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லைச் சொல்லி, அதுதான் இது, நானும் அதுதான் என்றான். அழுத பிள்ளைகள் அளவுக்கு, ஒருவேளை அதைவிட அதிகமாகவே, இந்தச் சிரிப்புத் தன்னைக் கலக்கியது என்று கென்னத் கிளார்க் பின்னாளில் சொன்னார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 253 பேரில் ஒருவரிடம்கூட, உனக்கு உன்னைப் பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. பொம்மையைப் பற்றிக் கேட்டார்கள். விடையைப் பிள்ளையின் நெஞ்சுக்குள் கொண்டுபோய் வைத்தது பின்னால் வந்தவர்கள். நம் வீட்டு ஐந்து வயதுக்காரியிடம் நாலு பொம்மையை நீட்டிப் பாருங்கள், எதை எடுப்பாள் என்று உங்களுக்கே தெரியும். அதற்காக அவள் தன்னை வெறுக்கிறாள் என்று எழுதிவிடுவோமா? எந்த நிறத்துக்கு ஊரில் மவுசு என்பது மூன்று வயதிலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. தான் யார், தனக்குத் தன்னைப் பிடிக்குமா என்பது வேறு கணக்கு. மார்கரெட் பீல் ஸ்பென்சர் என்ற கறுப்பின உளவியலாளர் இந்த இரண்டையும் தனித்தனியாக அளந்து பார்த்தார். வெள்ளையை விரும்பிய அதே பிள்ளைகள் தங்களைப் பற்றி நல்லபடியாகவே நினைத்தார்கள்.

இந்த இடத்தில் பால்டிமோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2007இலிருந்து இரண்டு வருஷம் அங்கே குடியிருந்தேன். ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மூன்று நாலு வெள்ளைப் பளிங்குப் படிகள். அந்தக் காலத்தில் பெண்கள் சனிக்கிழமை தவறாமல் மண்டியிட்டு அந்தப் படிகளைத் தேய்த்துக் கழுவுவார்களாம். எங்கள் தெருவில் கழுவுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், உட்காருகிறவர்கள் இருந்தார்கள். எதிர் வீட்டில் ஒரு பாட்டி, பேத்திக்குப் பதினொன்று பன்னிரண்டு வயது. வெயில் காலத்தில் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாட்டி மேல்படியில் உட்காருவார், பேத்தி கீழ்ப்படியில், பாட்டியின் முழங்கால்களுக்கு நடுவில். பக்கத்தில் வாலுள்ள ஒரு சீப்பு, ஒரு டப்பா நிறைய நீலக் களிம்பு, பிளாஸ்டிக் மணிகள் போட்ட ஒரு கிண்ணம். சீப்பின் வாலால் வகிடு கீறி, களிம்பு தொட்டு, மூன்று இழையாகப் பிரித்துத் தோலோடு ஒட்டிப் பின்னிக்கொண்டே வருவார். முடிய மதியம் இரண்டு ஆகும். நடுவில் இரண்டு தடவையாவது பிள்ளை "ஆ" என்று கத்தும்.

நான் என் வீட்டுப் படியில் காப்பியோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒட்டுக்கேட்பதுதான், மறுக்கவில்லை. பாட்டி வாய் ஓயாது. கடைக்குப் போனால் கையைப் பாக்கெட்டில் விடாதே. வாங்கப் போவதில்லை என்றால் தொடாதே. ஒரு மிட்டாய் வாங்கினாலும் ரசீது கேள், பை கேள். இதை முடித்த அதே மூச்சில், உன் கொள்ளுத் தாத்தா ஸ்பாரோஸ் பாயின்ட் இரும்பாலையில் முப்பது வருஷம் நின்றார், இந்த வீட்டை ரொக்கம் கொடுத்து வாங்கினார், உன் நெற்றி அப்படியே அவர் நெற்றி. பிறகு மறுபடி ரசீது. மறுபடி கொள்ளுத் தாத்தா. வலது கை ஓர் இழை, இடது கை ஓர் இழை.

அப்போது எனக்கு இது வெறும் தெருக்காட்சி. பிறகு வாசிக்கும்போதுதான், அதே ஊரில் 1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அந்த வருஷத்தில், மாரிஸ் ரோசன்பர்க் என்ற சமூகவியலாளரும் ராபர்ட்டா சிம்மன்ஸும் செய்த வேலை தெரிய வந்தது. தன்மதிப்பை அளக்க இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்குகிற பத்துக் கேள்விப் பட்டியல் ரோசன்பர்க்குடையது. பால்டிமோர் அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளைகளைப் பேட்டி எடுத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளின் தன்மதிப்பு வெள்ளைப் பிள்ளைகளைவிடக் குறைவாக இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். குறைவாக இல்லை, சற்று அதிகமாகவே இருந்தது. 2000இல் பெர்னடெட் கிரே-லிட்டிலும் ஆடம் ஹாஃப்டாலும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அதிலும் அதே விடை.

ரோசன்பர்க் தரும் விளக்கம் எளிமையானது. பிள்ளை தன்னைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி நாட்டின் கண்ணாடி இல்லை. அம்மா, பாட்டி, அண்ணன், பக்கத்து வீட்டுப் பையன், வகுப்பு ஆசிரியை, இவர்கள்தான். அவர்கள் கண்ணில் நல்ல பிள்ளையாக இருந்தால் அது போதும். பெரும்பான்மை வெள்ளைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சேர்ந்த கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது என்பதையும் அவர்களே பதிவு செய்தார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் அழுது ஓடிய பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்களா? இதிலிருந்து பிரிவினை நல்லது என்று யாராவது வாதிட்டால் அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. கறுப்பர் பள்ளிக்குக் கிழிந்த புத்தகமும் பாதிச் செலவும் போய்ச் சேர்ந்த காலம் அது.

ஆக, "ஏற்கெனவே தாழ்வு மனப்பான்மை உள்ள பிள்ளைகள்" என்று நீங்கள் எழுதியது பொதுவாகப் பார்த்தால் தவறு. அதைத் திருத்திக்கொண்டால் அந்த அம்மாவின் பேச்சு வேறு மாதிரிக் கேட்கும்.

இப்போது உங்கள் பையன் வயதுக்கு வருவோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் செல்லர்ஸ் என்பவரும் அவரது குழுவும் 1990களின் பிற்பகுதியில் இன அடையாளத்தைப் பல துண்டாகப் பிரித்து அளக்க ஆரம்பித்தார்கள். அதில் இரண்டு துண்டு நமக்குப் போதும். என் மக்களைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது ஒன்று. என் மக்களைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன் என்பது மற்றொன்று. வசதிக்காக உள்மதிப்பு, வெளிமதிப்பு என்று வைத்துக்கொள்வோம். 11 வயதிலிருந்து 17 வயது வரையான 314 கறுப்பினப் பிள்ளைகளைக் கேட்டு 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிறத்தின் பேரால் அவமானப்பட்டது கூடக் கூட, மன அழுத்தமும் சோர்வும் கூடியிருந்தன. இது யாரும் எதிர்பார்ப்பதுதான். உள்மதிப்பு உயர்ந்திருந்த பிள்ளைகள் மனநலத்தில் மேலாக இருந்தார்கள். இதுவும் புரிகிறது. மூன்றாவது முடிவைப் படித்தபோது பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன். உலகம் எங்களை மதிக்கவில்லை என்று தெரிந்து வைத்திருந்த பிள்ளைகளை அவமானம் குறைவாகவே தாக்கியது. உலகம் எங்களை மதிக்கிறது என்று நம்பியிருந்த பிள்ளைகளைத்தான் அது அதிகம் சாய்த்தது.

யோசித்தால் விளங்குகிறது. பன்னிரண்டு வயதுப் பையன் கடைக்குள் போகிறான், கடைக்காரர் பின்னாலேயே வருகிறார். யாரும் எதுவும் சொல்லித் தராத பையன், நான் என்ன தப்புச் செய்தேன் என்று தன்னைத் துழாவுவான். படியில் உட்கார்ந்து ரசீதுப் பாடம் கேட்ட பிள்ளைக்கு, ஓ, பாட்டி சொன்னது இதுதானா என்று தோன்றும். எரிச்சல் வரும், கோபம் வரும். ஆனால் குற்றம் கடைக்காரரிடமே நிற்கும், பிள்ளைக்குள் வந்து குடியேறாது.

இதெல்லாம் எப்போதாவது நடப்பதுதானே என்பீர்கள். வாஷிங்டன் நகரில் 13 முதல் 17 வயது வரையான 101 கறுப்பினப் பிள்ளைகளிடம் இரண்டு வாரம் தினமும் கேட்டுக் குறித்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. நிறத்தின் பேரால் பட்ட அவமானம் சராசரியாக ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல். பெரும்பாலும் கைப்பேசித் திரையில். குறித்த இரண்டு வாரத்துக்குள்ளேயே சோர்வு கூடியதும் தெரிந்தது.

சரி, உயரம். சம்பந்தமே இல்லாமல் பேசினார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் பேசியதிலேயே மிகவும் சம்பந்தமுள்ள பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். 2014இல் பிலிப் கோஃப் என்ற உளவியலாளரும் அவர் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிறுவர்களின் படத்தைக் காட்டி, குற்றம் ஒன்றில் சந்தேகப்படுகிறார்கள் என்று சொல்லி, வயது என்ன இருக்கும் என்று கேட்டார்கள். கறுப்பினச் சிறுவர்களின் வயதைச் சராசரியாக நாலு வயதுக்கு மேல் கூட்டிச் சொன்னார்கள். பத்து வயதுக்குப் பிறகு அவன் பிள்ளை என்பதே பார்க்கிறவர்கள் கண்ணில் மங்கத் தொடங்கிவிடுகிறது. அதே வருஷம் நவம்பரில் கிளீவ்லாந்து நகரில் ஒரு பூங்காவில் டமீர் ரைஸ் என்ற பையன் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். போலீஸ் கார் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் சுட்டார்கள். சுட்ட பிறகு போலீஸ் வயர்லெஸில் சொன்னபோதும் காவலர்கள் அவன் வயதைச் சுமார் இருபது என்றார்கள். அவனுக்குப் பன்னிரண்டு.

உங்கள் மாணவனுக்கும் பன்னிரண்டு. ஒரு வருஷத்தில் நாலு அங்குலம். அம்மாவுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று இப்போது தெரிகிறது அல்லவா? அவனைப் பிள்ளையாகப் பார்த்தவர்கள் இனி ஆளாகப் பார்ப்பார்கள். காலம் நெருங்குகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் சொல்லி வைக்கிறார். நீங்கள் கூடைப்பந்து என்றீர்கள். உயரமான கறுப்பினப் பையனைப் பார்த்ததும் ஆளாளுக்குச் சொல்வது அது. நீங்கள் நல்ல மனதோடுதான் சொன்னீர்கள், அவரும் அதைப் புரிந்துகொண்டிருக்கலாம். இருந்தாலும் கணக்கில் கெட்டிக்காரனான பையனைப் பற்றிக் கணக்கு ஆசிரியை வாயிலிருந்து வந்த சொல் கூடைப்பந்து. இதை நினைத்து உருக வேண்டாம், மறுமுறை சொல்லாமலிருந்தால் போதும். அங்கே இருந்த காலத்தில் நானும் இதுபோல இரண்டு மூன்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

நிறத்தைப் பேசாமலே வளர்க்கலாமே என்றீர்கள். அப்படி வளர்ந்த ஒருவரைச் சொல்கிறேன். டு பாய்ஸ், கறுப்பின அறிஞர்களில் தலையாயவர். மாசசூசெட்ஸில் கிரேட் பாரிங்டன் என்ற சின்ன ஊர்ப் பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒன்றாகத் திரிந்தவர். ஒருநாள் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசை, பெரியவர்களைப்போல அழகழகான முகவரி அட்டைகள் வாங்கி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாம் என்று. ஒரு கட்டு பத்து சென்ட். விளையாட்டு குஷியாகப் போய்க்கொண்டிருந்தது. ஊருக்குப் புதிதாக வந்திருந்த உயரமான ஒரு பெண், இவன் நீட்டிய அட்டையை மட்டும் வாங்கவில்லை. ஒரு பார்வை, அவ்வளவுதான். தான் வேறு என்று அந்த நொடியில் தெரிந்துகொண்டதாக 1903இல் எழுதினார். பேசாமல் வளர்த்தாலும் யாரோ ஒருவர் ஒருநாள் சொல்லத்தான் போகிறார். அந்தச் செய்தியை முதலில் சொல்வது அம்மாவா, அட்டையை வாங்காத அந்தப் பெண்ணா என்பதுதான் கேள்வி. வில்லியம் கிராஸ் என்ற உளவியலாளர் 1971இல் கறுப்பின அடையாளம் படிப்படியாக உருவாவதை விளக்கியபோது, இப்படி முகத்தில் அறையும் கணத்தைத்தான் திருப்புமுனையாக வைத்தார். அதற்குப் பிறகு வருவது தன் மக்களுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் ஒரு காலம். மதியச் சாப்பாட்டு மேஜைக்கு அதிலேயே விடை இருக்கிறது. மேலும், நீங்கள் நாலு பேரும் எந்த மேஜையில் சாப்பிடுகிறீர்கள்?

அந்த அம்மாவின் பேச்சில் எனக்கு உறுத்தலே இல்லை என்று சொல்ல மாட்டேன். டயான் ஹியூஸ் என்பவரும் சகாக்களும் 2006இல் இந்த வகை வளர்ப்பைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நம் வரலாறு, நம் பாட்டு, நம் ஆட்கள் என்று பெருமையோடு சொல்லி வளர்ப்பதால் வரும் பலன் பெரும்பாலும் தெளிவாகத் தெரிகிறது. அவமானத்துக்குத் தயார்ப்படுத்துவதன் பலன் கலவையாக இருக்கிறது, சில பிள்ளைகளுக்குக் கவசம், சில பிள்ளைகளுக்கு ஓயாத பதற்றம். யாரையும் நம்பாதே என்று வளர்ப்பதால் கெடுதல்தான் அதிகம். எதிர் வீட்டுப் பாட்டி ரசீதையும் கொள்ளுத் தாத்தாவையும் சேர்த்துப் பின்னியது அதனால்தான் எனக்கு மறக்கவில்லை. உங்கள் மாணவனின் அம்மா பத்து நிமிஷச் சந்திப்பில் ஓர் இழையைத்தான் உங்களிடம் காட்டினார். மற்றது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் இருக்கிறது. மதிப்பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

என்னை உறுத்துவது அந்த "இரண்டு மடங்கு". அது கறுப்பினக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் சொல். அதன் விலையை உங்கள் மாநிலத்திலேயே கண்டுபிடித்தார்கள். ஷெர்மன் ஜேம்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 1970களின் கடைசியில் வட கரோலினாவில் ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற முதியவரைப் பேட்டி எடுத்தார். குத்தகை வாரத்தில் உழுத ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பு அதிகமில்லாமல், உழைப்பு ஒன்றாலேயே நாற்பது வயதுக்குள் 75 ஏக்கர் சொந்தமாக்கிக்கொண்டவர். ஐம்பதுகளின் கடைசியில் அவருக்கு ரத்த அழுத்தம், மூட்டுவாதம், வயிற்றுப் புண். இயந்திரத்தோடு போட்டி போட்டு ஜெயித்து, சுத்தியல் கையிலிருக்கச் செத்துப்போன ஜான் ஹென்றி என்ற இரயில்பாதைத் தொழிலாளியின் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். வசதி இல்லாமல், முழு மூச்சாக உழைப்பை மட்டும் வைத்து எதிர்த்து நிற்கும் கறுப்பர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுவதைக் கண்ட ஜேம்ஸ், அந்தப் பெயரையே இந்தப் போக்குக்கு வைத்துவிட்டார். பிறகு ஜார்ஜியா மாநிலக் கிராமங்களில் ஜீன் பிராடியின் குழு ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தது. ஆசிரியர்கள் கெட்டி என்று சொன்ன பிள்ளைகள் பத்தொன்பது வயதில் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தார்கள், சோர்வு குறைவு, வம்பு தும்பு குறைவு. ரத்த அழுத்தத்தையும் அழுத்தச் சுரப்புகளையும் அளந்தபோது உடம்பு தேய்ந்திருந்தது. நீங்கள் தரும் கெட்டி என்ற பட்டமும் இதில் சேர்த்திதான்.

அதற்காக அந்த அம்மாவிடம் போய் "இரண்டு மடங்கு வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கோ எனக்கோ அருகதை இல்லை. ஒரு மடங்குக்கு ஒரு மடங்கு மதிப்புக் கிடைக்கும் இடம் ஒன்றை அவனுக்குக் காட்ட முடியும் என்றால் அது உங்கள் வகுப்பறை. 2014இல் வெளிவந்த ஒரு சின்னப் பரிசோதனையைச் சொல்கிறேன், 44 பிள்ளைகள்தான், அதனால் அளவோடு நம்புங்கள். ஏழாம் வகுப்புக் கட்டுரைகளை ஆசிரியர்கள் திருத்தியபின் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினார்கள். பாதிப் பேருக்கு, இது உங்கள் கட்டுரைக்கான என் கருத்து என்று மட்டும். மீதிப் பேருக்கு, உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அது முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு திருத்தம் என்று. கட்டுரையைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்த கறுப்பினப் பிள்ளைகள் முதல் குழுவில் 17 சதம், இரண்டாவதில் 72 சதம். சிவப்பு மையைப் பார்த்ததும் இந்த டீச்சருக்கு என்னைப் பிடிக்காது போல என்று போயிருக்கும் எண்ணம், சீட்டைப் பார்த்ததும் திரும்பியிருக்க வேண்டும். வெறும் "வெரி குட்" இந்த வேலையைச் செய்யாது. கஷ்டமான கணக்கைக் கொடுத்து, தப்பை மறைக்காமல் காட்டி, கூடவே அந்த ஒரு வரி. நெல்லை ஆசிரியைகளுக்கு முதல் இரண்டும் கைவந்த கலை. மூன்றாவதை நாம் வாய் திறந்து சொல்வதில்லை, அதுதான் குறை. (நெல்லை என்று நீங்கள் எழுதவில்லை. "மனசே கேட்கவில்லை" என்றதை வைத்து ஓர் ஊகம், தப்பென்றால் எழுதுங்கள்.)

அடுத்த சந்திப்புக்கு அந்த அம்மா வந்தால், மதிப்பெண் பட்டியலை எடுப்பதற்கு முன்னால் பையன் இன்னும் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ராத்திரி வேலை முடித்து வருகிறவர், ஒரு காப்பியும் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா